செயற்கைத் தளத்தில் பெற்ற வெற்றி மண் தளத்தில் செல்லுமா?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள டர்ஃப்வே பார்க் ஓடுபாதையின் செயற்கைத் தளத்தில் ஐந்து முறை ஓடி மூன்று முறை வென்ற நான்கு வயதுக் குதிரை ஒன்று, முதன்முறையாக அதே மாநிலத்தின் சர்ச்சில் டவுன்ஸ் ஓடுபாதையில் மண் தளத்தில் இறங்கப்போகிறது. அதன் மேல் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, செயற்கைத் தளப் பந்தயம் வெறும் லாட்டரி, மண் தளத்தில்தான் கணக்குப் போட்டுப் பணம் கட்ட முடியும் என்று உங்கள் நண்பர் அடித்துச் சொல்வதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, ஒரு தளத்தில் குதிரை காட்டிய திறன் இன்னொரு தளத்தில் எவ்வளவு தூரத்துக்குச் சாட்சியாகும் என்பதும், எந்தத் தளத்தில் அந்தச் சாட்சியத்தைப் பணமாக மாற்றுவது எளிது என்பதும்தான். இவை ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறு வேறு கேள்விகள். முதலாவது குதிரையைப் பற்றியது. இரண்டாவது நம்மோடு சேர்ந்து பணம் கட்டும் மற்றவர்களைப் பற்றியது.

நான் மண் இயக்கவியல் படித்த கட்டுமானப் பொறியாளன். குதிரை ஏறியதில்லை, பயிற்சி அளித்ததும் இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக கென்டக்கி, கலிஃபோர்னியா பந்தயங்களின் முடிவு அட்டவணைகளைக் குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். சிறு தொகைகளில் பணமும் கட்டி வருகிறேன். ஆகவே தளத்தின் பொருளைப் பற்றியும் பந்தய வேகத்தைப் பற்றியும் நான் சொல்வதை ஓரளவு உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். குதிரையின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பது பற்றி நான் சொல்வது அனைத்தும் வெளியிலிருந்து பார்த்தவனின் ஊகம்.

மண் தளம் என்று நாம் சொல்வது மணல், வண்டல், களிமண் ஆகிய மூன்றும் அந்தந்த இடத்துக்கேற்ற விகிதத்தில் கலந்த ஒரு படிவம். இறுகிய அடித்தளத்தின் மேல் மூன்று நான்கு அங்குல ஆழத்துக்கு அந்தக் கலவை தளர்வாக இருக்கும். அதன் குணத்தைத் தீர்மானிப்பது தண்ணீர். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்தால், ஈரம் சரியாக இருக்கும் நாளில் அது உருண்டையாக நின்று விரலால் தட்டியவுடன் உதிரும்; காய்ந்த நாளில் விரலிடுக்கில் ஓடிவிடும்; மழை நாளில் கூழாக வழியும். மழை வருமுன் டிராக்டர்களை ஓட்டித் தளத்தை அழுத்தி மூடிவிடுவார்கள். அப்போது தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலாக ஓடிவிடும், குதிரைகள் சேற்றை வாரி இறைத்தபடியே கெட்டியான அடித்தளத்தின் மேல் நல்ல வேகத்தில் ஓடும். அதே தளம் மறுநாள் பாதி காய்ந்து பசைபோல் ஒட்டும்போது மிக மெதுவாகிவிடும். மண் தளத்தை ஒரே தளமாக நினைப்பவர்கள் முதலில் ஏமாறும் இடம் இதுதான்.

செயற்கைத் தளத்தின் அடிப்படையும் மணல்தான். ஆனால் அந்த மணலின் மேல் மெழுகு பூசப்பட்டிருக்கும். செயற்கை இழைகளும் பெரும்பாலும் ரப்பர் துகள்களும் அதில் கலந்திருக்கும். கையில் எடுத்தால் லேசான எண்ணெய்ப் பிசுக்கு தெரியும், நூல் நூலாக இழைகள் தொங்கும், இறுக்கிவிட்டுத் திறந்தால் உள்ளங்கை ரேகை அதில் பதிந்திருக்கும். மெழுகு தண்ணீரை விரட்டுவதால் மழைநீர் மணலில் தங்காமல் அடியில் உள்ள வடிகால் அடுக்குக்கு இறங்கிவிடுகிறது. மழையால் இந்தத் தளம் பெரிதும் மாறாது என்ற பெயர் இதனால்தான் வந்தது, அது பெருமளவு உண்மையும்கூட. ஆனால் தண்ணீரிடமிருந்து தப்பியது வெயிலிடம் சிக்கியது. சூடு ஏறினால் மெழுகு இளகும், குளிர்ந்தால் இறுகும். கலிஃபோர்னியாவின் டெல் மார் ஓடுபாதையில் பாலிட்ராக் என்ற செயற்கைத் தளம் இருந்த ஆண்டுகளில், காலைப் பயிற்சியில் ஒரு தளமும் பிற்பகல் பந்தயத்தில் இன்னொரு தளமும் இருப்பதாகப் பயிற்சியாளர்கள் புலம்பியதற்குக் காரணம் இதுவே. அளந்து பார்த்தவர்களும் அதை உறுதிப்படுத்தினார்கள். எனவே காலைப் பயிற்சி நேரத்தை வைத்துப் பிற்பகல் பந்தயத்தைக் கணிக்கும் பழக்கம் உள்ளவர்கள் வெயில் காலத்தில் செயற்கைத் தளத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘செயற்கை’ என்ற ஒரே சொல்லுக்குள் பாலிட்ராக், டபீட்டா, குஷன் ட்ராக், ப்ரோ-ரைடு, ஃபைபர்சாண்ட் என்று பல பொருள்கள் அடக்கம், இவை ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. இங்கிலாந்தில் சவுத்வெல் 1989 முதல் 2021 வரை ஃபைபர்சாண்ட் தளத்தில் பந்தயம் நடத்தியது. மெழுகுக் கலவைத் தளங்களோடு ஒப்பிட்டால் அது ஆழமானது, களைப்பூட்டுவது. முன்னால் ஓடும் குதிரைக்குச் சாதகமானது, பின்னால் வருவதன் முகத்தில் மணலை அள்ளி எறிவது. அமெரிக்க மண் தளத்துக்கு இங்கிலாந்தில் கிடைத்த மிக நெருங்கிய உறவு என்று அதைச் சொல்வார்கள். அங்கே வெற்றிகளைக் குவித்த குதிரைகள் சில, லிங்ஃபீல்டின் பாலிட்ராக்குக்குப் போனவுடன் சாதாரணக் குதிரைகளாகிவிட்டதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். பெயர்ப் பலகையில் ‘செயற்கை’ என்று இருப்பதாலேயே இரண்டு ஓடுபாதைகளின் முடிவுகளை ஒரே கணக்கில் சேர்ப்பது தவறு. டர்ஃப்வேயிலேயே 2005இல் போடப்பட்டது பாலிட்ராக். 2020 முதல் இருப்பது டபீட்டா. அங்கே பழைய ஆண்டுகளில் நடந்ததை இப்போதைய குதிரைக்குச் சான்றாகக் காட்டுபவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள்.

இனி பந்தயம் ஓடும் விதத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மண் தளத்தில் குளம்பு இறங்கும்போது சற்று முன்னோக்கிச் சறுக்கும், தள்ளும்போது மேற்பரப்பு பெயர்ந்து பின்னோக்கித் தெறிக்கும். அந்தத் தெறிப்பு பின்னால் வரும் குதிரையின் முகத்திலும் மார்பிலும் அறைகிறது. மழை நாளில் ஜாக்கிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கண்ணாடிகளை மாட்டிக்கொண்டு, சேறு மூடியதும் மேலே உள்ளதைக் கழுத்துக்கு இழுத்துவிட்டு அடுத்ததன் வழியாகப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. தலையைத் தூக்கும், வேகத்தைக் குறைக்கும், சில குதிரைகள் ஓட்டத்தையே விட்டுவிடும். அதனால் மண் தளத்தில் தொடக்கத்திலேயே முன்னால் போய்விடுவதற்கு ஒரு மதிப்பு உண்டு. எல்லோரும் அந்த இடத்துக்குப் போட்டியிடுவதால் முதல் அரை மைல் கடும் வேகத்தில் போகும், கடைசி ஃபர்லாங்கில் (மைலில் எட்டில் ஒரு பங்கு) எல்லாக் குதிரைகளும் களைத்திருக்கும், மற்றவற்றைவிடக் குறைவாகக் களைத்த குதிரை வெல்லும். மெழுகுத் தளங்களில் தெறிப்பு பொதுவாகக் குறைவு. தளம் குளம்பைச் சற்றே பிடித்துக்கொள்வதும் உண்டு. ஜாக்கிகள் தொடக்கத்தில் பொறுமையாக ஓட்டுகிறார்கள், எல்லாக் குதிரைகளும் கூட்டமாகவே திருப்பத்துக்கு வருகின்றன, கடைசி கால் மைலில் யாருக்குச் சட்டென்று வேகமெடுக்கும் சக்தி மிச்சமிருக்கிறது என்பதில் முடிவு தங்கியிருக்கிறது. புல் தளப் பந்தயத்தின் சாயல் இது. புல்லில் நன்றாக ஓடும் குதிரைகளும் அந்த வம்சத்துக் குட்டிகளும் செயற்கைத் தளத்தில் தடுமாறாமல் ஓடுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். குளம்பின் வடிவமும் காலடி வைக்கும் முறையும் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு; அதை மறுக்க என்னிடம் சான்று இல்லை, ஏற்கவும் இல்லை.

இந்த வேறுபாட்டை நான் பணம் கொடுத்துத்தான் கற்றேன். கென்டக்கியின் இன்னொரு ஓடுபாதையான கீன்லாண்டின் பழைய மண் தளம், உள்வேலியை ஒட்டி முன்னால் ஓடும் குதிரைக்குப் பேர்போனது. கண்ணை மூடிக்கொண்டு வேகமான குதிரையின் மேல் கட்டினால் போதும் என்று பேசிக்கொள்ளும் அளவுக்கு. 2006 இலையுதிர் பருவத்தில் அங்கே பாலிட்ராக் போட்டார்கள். பழக்க தோஷத்தால் முதல் வாரம் முழுவதும் நான் முன்னால் ஓடும் குதிரைகள் மேலேயே கட்டினேன். திருப்பம் வரை முன்னால் வந்து, நேர்பாதையில் கூட்டத்துக்குள் கரைந்து போன குதிரைகளின் பெயர்கள் என் குறிப்பேட்டில் இரண்டு பக்கங்களுக்கு இருக்கின்றன. குதிரைகளும் பயிற்சியாளர்களும் அதேதான், ஓடுபாதையின் முகவரியும் அதேதான். கீழே இருந்த நான்கு அங்குலம் மாறியது.

மறு வேனிலில் அதே தளத்தில் ஓடிய ஒரு பந்தயம், உங்கள் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய விடையின் பெரும்பகுதியைத் தன்னுள் வைத்திருக்கிறது. 2007 புளூ கிராஸ் ஸ்டேக்ஸ். முதல் அரை மைலைக் கடக்க 51 விநாடிகளுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தரத்துக் குதிரைகளுக்கு அது நடைப்பயிற்சி. கடைசியில் முன்வரிசைக் குதிரைகள் ஏறக்குறைய ஒரே கோட்டில் முடித்தன. டொமினிகன் மூக்கு நீளத்தில் வென்றது, ஸ்ட்ரீட் சென்ஸ் இரண்டாவது. மூன்று வாரங்கள் கழித்து சர்ச்சில் டவுன்ஸின் மண்ணில், அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற பந்தயமான கென்டக்கி டெர்பி. அதில் ஸ்ட்ரீட் சென்ஸ் இரண்டேகால் லெங்த் (ஒரு லெங்த் என்பது ஏறத்தாழ ஒரு குதிரையின் நீளம்) இடைவெளியில் வென்றது. டொமினிகன் பதினொன்றாவதாக வந்தது. கீன்லாண்டில் மூக்கு நீள இடைவெளியில் இருந்த இரண்டு குதிரைகளுக்கு இடையே உண்மையான தர வேறுபாடு எவ்வளவு என்பதை அந்தப் பந்தயம் மறைத்துவிட்டது, ஏனென்றால் மெதுவான தொடக்கம் அந்த வேறுபாட்டைக் காட்டச் சந்தர்ப்பமே கொடுக்கவில்லை. ஸ்ட்ரீட் சென்ஸ் மண்ணில் என்ன செய்யும் என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது: முந்தைய ஆண்டு கீன்லாண்டின் பாலிட்ராக்கில் மூன்றாவதாக வந்துவிட்டு, அடுத்து சர்ச்சில் டவுன்ஸில் நடந்த ப்ரீடர்ஸ் கப் தொடரின் ஜுவனைல் (இரண்டு வயதுக் குதிரைகளுக்கான) பந்தயத்தைப் பத்து லெங்த் இடைவெளியில் வென்றிருந்தது. ஆனால் இங்கேயே கதையை முடித்துச் செயற்கைத் தளத்து ஃபார்மைச் செல்லாக் காசு என்று தீர்ப்பெழுதினால், அதே டெர்பியில் இரண்டாவதாக வந்த ஹார்ட் ஸ்பன் குறுக்கே நிற்கும். அது டெர்பிக்கு முன் கடைசியாக ஓடி வென்றது டர்ஃப்வேயின் பாலிட்ராக்கில்தான்.

இப்படி இரண்டு பக்கமும் சாட்சி சொல்லும் பந்தயங்கள் ஏராளம். 2008, 2009 ப்ரீடர்ஸ் கப் பந்தயங்கள் கலிஃபோர்னியாவின் சாண்டா அனிட்டாவின் ப்ரோ-ரைடு தளத்தில் நடந்தன. 2008இல் அந்தத் தொடரின் முதன்மைப் பந்தயமான கிளாசிக்கில், மண் தளத்தின் அரசனாக வந்த கர்லின் நான்காவதாக முடித்தது; முதலிரண்டு இடங்களை ஐரோப்பியப் புல் தளக் குதிரைகளான ரேவன்ஸ் பாஸும் ஹென்ரிதநேவிகேட்டரும் எடுத்துக்கொண்டன. அடுத்த ஆண்டு ஜென்யாட்டா வென்றபோது அதன் பின்னால் வந்தது ஜியோ பான்டி, அதுவும் புல் தளத்தில் பெயரெடுத்த குதிரை. ஜென்யாட்டாவைச் செயற்கைத் தளத்து ராணி என்று ஒதுக்கியவர்கள், 2010இல் சர்ச்சில் டவுன்ஸின் மண்ணில் பிளேம் என்ற குதிரையிடம் அது தலை நீளத்தில் தோற்றதைச் சான்றாகக் காட்டுவார்கள். அது ஓடிய இருபது பந்தயங்களில் அந்த ஒன்றுதான் தோல்வி. ஆனால் ஓக்லானின் மண் தளத்தில் ஆப்பிள் பிளாசம் பந்தயத்தை அது இரண்டு முறை, 2008இலும் 2010இலும், வென்றிருக்கிறது என்பதை அவர்கள் சொல்வதில்லை. பிளேமிடம் தோற்ற அன்று, தொடக்கத்தில் மிகவும் பின்தங்கி, நேர்பாதையில் எல்லோரையும் தாண்டி வந்து, கடைசித் தலை நீளம் போதாமல் போன ஓட்டத்துக்கு மண் காரணமா, தொடக்கம் காரணமா, பிளேம் என்ற நல்ல குதிரை காரணமா என்பதை ஒரே ஓட்டத்தை வைத்துப் பிரித்தெடுக்க யாராலும் முடியாது. பிரித்துவிட்டேன் என்று சொல்பவர் எதையோ விற்க வந்திருக்கிறார்.

செயற்கைத் தளத்திலிருந்து மண்ணுக்கு வந்து பெரும் தொகை கொடுத்த குதிரைகளும் உண்டு. அனிமல் கிங்டம் 2011 டெர்பிக்கு முன் மண்ணில் ஒரு பந்தயம்கூட ஓடியதில்லை, பாலிட்ராக்கும் புல்லும்தான். டர்ஃப்வேயில் ஸ்பைரல் ஸ்டேக்ஸ் வென்றுவிட்டு வந்த அதன் மேல் கட்டிய இரண்டு டாலருக்கு 43.80 டாலர் கிடைத்தது. 2013இல் அதே குதிரை மெய்தானின் டபீட்டா தளத்தில் துபாய் உலகக் கோப்பையும் வென்றது. 2022இல் ரிச் ஸ்ட்ரைக் 80-க்கு-1 ஆட்ஸில் (ஒன்று கட்டினால் எண்பது லாபம் தரும் விலை) டெர்பி வென்றபோது, அதன் முந்தைய ஓட்டம் டர்ஃப்வேயில் மூன்றாம் இடம். 2023இல் டர்ஃப்வேயிலிருந்து வென்று வந்த டூ ஃபில்ஸ் டெர்பியில் இரண்டாவது. இவற்றை வரிசையாகப் படிக்கும்போது, டர்ஃப்வேயிலிருந்து வருவது எல்லாம் தங்கம் என்று தோன்றும். அங்கிருந்து டெர்பிக்கு வந்து காணாமல் போன குதிரைகளின் பெயர்கள் நம் நினைவில் இல்லை என்பதே அந்தத் தோற்றத்துக்குக் காரணம். இன்னொரு நுணுக்கமும் உண்டு. ரிச் ஸ்ட்ரைக்கின் பழைய ஓட்டப் பதிவு வரிகளைப் பொறுமையாகப் படித்திருந்தால், 2021 செப்டம்பரில் அதே சர்ச்சில் டவுன்ஸ் மண்ணில் ஒரு கீழ்நிலைப் பந்தயத்தை 17¼ லெங்த் இடைவெளியில் வென்றிருந்தது தெரிந்திருக்கும். 80-க்கு-1 குதிரையாக அதைப் பார்த்தவர்கள் (நானும்தான்) அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டோம். தளம் மாறும் குதிரையை ஆராயும்போது அண்மை ஓட்டத்தைவிட, புதிய தளத்தில் என்றோ ஓடிய ஒரே ஒரு ஓட்டம் அதிகம் பேசும் என்பதற்கு இதைவிட விலை உயர்ந்த பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

பலர் நம்பியிருக்கும் வேக எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பையர் எண் போன்றவை இறுதி நேரத்தை அன்றைய தளத்தின் வேகத்துக்கேற்பத் திருத்தித் தருபவை. மண்ணில் எல்லோரும் தொடக்கம் முதல் முழுமூச்சாக ஓடுவதால் இறுதி நேரம் குதிரையின் மொத்தத் திறனை ஓரளவு நேர்மையாகக் காட்டுகிறது. செயற்கைத் தளத்தில் தொடக்கம் மெதுவாக இருந்தால், கடைசியில் எவ்வளவு பறந்தாலும் இழந்த விநாடிகள் திரும்பி வரா. நல்ல குதிரைக்கும் நடுத்தரக் குதிரைக்கும் இடையிலான எண் வேறுபாடு அங்கே சுருங்கிவிடுகிறது. ஆகவே டர்ஃப்வேயில் 85 எடுத்த குதிரையையும் சர்ச்சில் டவுன்ஸில் 85 எடுத்த குதிரையையும் சமமாக வைப்பதை நான் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. செயற்கைத் தளத்து ஓட்டத்தில் நான் பார்ப்பது கடைசி மூன்று ஃபர்லாங்குகளின் நேரம். மண் தளத்து ஓட்டத்தில் முதல் அரை மைல். இது உறுதியான விதி அல்ல, என் அனுபவத்தில் குறைவாக ஏமாற்றிய வழி, அவ்வளவுதான்.

உங்கள் நண்பர் சொல்லும் லாட்டரி வாதத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது: குதிரைகள் நெருக்கமாக முடிக்கும் பந்தயங்களில் உள்வேலியோரம் வழி அடைபடுவது போன்ற தற்செயல்களுக்கு மதிப்பு கூடுகிறது. மண் தளத்தில் ஃபேவரிட் (அதிகப் பணம் கட்டப்பட்ட குதிரை) சற்று அதிகமாக வெல்வதும் பொதுவாகக் காணப்படுவதே. ஆனால் மண் தளப் பந்தயங்களில் குதிரைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் குறைவு என்பதால், அந்த வேறுபாட்டில் எவ்வளவு தளத்தால் வந்தது, எவ்வளவு எண்ணிக்கையால் வந்தது என்பது தெளிவில்லை. இதைவிட முக்கியமான பிழை அவர் கணக்கின் அடித்தளத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் நாம் பணம் கட்டுவது பூலில், அதாவது எல்லோர் பணமும் சேரும் பொதுத் தொகுப்பில். எல்லோரும் போட்ட பணத்திலிருந்து, வெற்றிக்கான பூலில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதத்தையும், பல குதிரைகளை வரிசையாகச் சொல்லும் பூல்களில் அதைவிட அதிகமாகவும் எடுத்துக்கொண்டு, மீதியைத்தான் வென்றவர்களுக்குப் பகிர்கிறார்கள். அங்கே எதிரி ஓடுபாதை அல்ல, பக்கத்தில் நிற்பவர். முன்னால் ஓடும் குதிரை வெல்லும் என்பது மண் தளத்தில் எளிதாகத் தெரிகிறது என்றால், அது எல்லோருக்கும் எளிதாகத் தெரிகிறது. அந்தத் தெளிவு ஏற்கெனவே ஆட்ஸுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. 3-க்கு-1 குதிரை நான்கில் ஒரு முறைக்கு மேல் வென்றால்தான் உங்களுக்கு லாபம். மூன்றில் ஒரு முறை வெல்லக்கூடிய குதிரையை ஊரே கண்டுபிடித்து 8-க்கு-5 (ஐந்து கட்டினால் எட்டு லாபம்) ஆக்கிவிட்டால், கணிப்பு சரியாக இருந்தும் பணம் கரையும். நான் பார்த்தவரையில் பிழையான விலை அதிகம் கிடைப்பது எந்த ஒரு தளத்திலும் அல்ல, குதிரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் நாளில். அன்று கூட்டம் இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறது: ஒரு நாள் செயற்கைத் தளத்து வெற்றிகளை அப்படியே நம்பிக் கட்டும், இன்னொரு நாள் அவற்றை ஒன்றுமே இல்லாததாகத் தள்ளிவிடும்.

எந்தத் தளம் குதிரைக்கு நல்லது என்ற வாதம் இதில் அடிக்கடி வந்து கலந்துவிடுகிறது. அது வேறு வாதம். கலிஃபோர்னியாவின் பந்தய வாரியம் 2006இல், பெரிய ஓடுபாதைகள் 2007 முடிவதற்குள் செயற்கைத் தளத்துக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது குதிரைகளின் பாதுகாப்புக்காகத்தான். சாண்டா அனிட்டாவில் வடிகால் வேலை செய்யாமல் 2008 தொடக்கத்தில் பல நாள் பந்தயங்கள் ரத்தாயின. 2010 இறுதியில் அது மண்ணுக்குத் திரும்பியது, 2014இல் கீன்லாண்டும் 2015இல் டெல் மாரும் தொடர்ந்தன. மெய்தானும் 2015 உலகக் கோப்பையை மண்ணில் நடத்தியது. பிறகு 2018 டிசம்பரில் தொடங்கிய சாண்டா அனிட்டா பருவத்தில் 30 குதிரைகள் இறந்தபோது பேச்சு மறுபடி திசை மாறியது. 2021இல் ஃபுளோரிடாவின் கல்ஃப்ஸ்ட்ரீம் பார்க் மண், புல் இரண்டையும் வைத்துக்கொண்டே டபீட்டாவையும் சேர்த்தது. அமெரிக்க ஜாக்கி கிளப் வெளியிடும் கணக்கில் செயற்கைத் தளத்தின் இறப்பு விகிதம் மண் தளத்தைவிடக் குறைவாகவே இருந்து வருகிறது: 2022இல் ஆயிரம் ஓட்டங்களுக்கு மண்ணில் 1.44, செயற்கைத் தளத்தில் 0.41. இதில் திசையை நம்பலாம். அளவை ஓர் ஆண்டை வைத்து முடிவு செய்யக் கூடாது. செயற்கைத் தளத்தில் ஓட்டங்கள் மிகக் குறைவு என்பதால் அடுத்த ஆண்டே அந்த எண் 0.97 ஆனது. பணம் கட்டுபவருக்கு இதில் பயன்படும் ஒரு செய்தி உண்டு: மழையால் புல் தளப் பந்தயத்தை மண்ணுக்கு மாற்றினால் பாதிக் குதிரைகளை விலக்கிக்கொள்வார்கள், செயற்கைத் தளத்துக்கு மாற்றினால் பெரும்பாலானவை அப்படியே ஓடும். கடைசி நேரத்தில் ஐந்து குதிரைப் பந்தயமாகச் சுருங்காமல் பந்தயம் பந்தயமாகவே இருக்கும்.

இனி உங்கள் குதிரை. அதன் மூன்று வெற்றிகளின் ஒளிப்பதிவுகளையும் பாருங்கள், முதல் கால் மைலை மட்டும். அது தானாகவே முன்னால் போய், அந்த வேகத்திலேயே வென்றிருந்தால் எனக்குக் கவலை குறைவு; மண்ணில் முகத்தில் அடிபடாத இடத்தில் அது ஓடக்கூடும். கடைசி இடத்தில் வந்து நேர்பாதையில் எல்லோரையும் தாண்டி வென்றிருந்தால், அந்த வெற்றியை நான் பாதியாகக் கணக்கிடுவேன். தெறிப்பில் அது என்ன செய்யும் என்பது அதன் பயிற்சியாளருக்கே தெரியாமல் இருக்கலாம். அடுத்து, அது மண்ணில் பந்தயம் ஓடியிருக்காவிட்டாலும் பயிற்சி ஓடியிருக்கலாம். பயிற்சி வரிகளில் எந்த ஓடுபாதை என்று குறித்திருப்பார்கள், மண் தளப் பயிற்சி இரண்டு மூன்று ஒழுங்காக இருந்தால் அதுவும் ஒரு நல்ல குறி. அதன் தாய் வயிற்றில் பிறந்த மற்ற குட்டிகள் மண்ணில் வென்றிருக்கின்றனவா என்று பாருங்கள். தந்தை வழியைவிட இதற்கு நான் சற்று அதிக மதிப்புக் கொடுப்பேன், இதை நிரூபிக்க என்னிடம் என் குறிப்பேட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. பயிற்சியாளர் ஏன் இப்போது மாற்றுகிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். டர்ஃப்வேயின் குளிர்காலப் பருவம் முடிந்து குதிரைக்கு வேறு இடம் இல்லாததால் மாற்றுவது வேறு, அதைவிடப் பெரிய பரிசுப் பந்தயத்தைத் தேடி மாற்றுவது வேறு.

இவ்வளவும் சாதகமாக இருந்தால், எட்டு குதிரைகள் ஓடும் சாதாரணப் பந்தயத்தில் அதற்கு ஆறில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வேன். 5-க்கு-1 என்பது அந்த வாய்ப்புக்குச் சரியாகச் சமமான விலை, அதில் கட்டினால் லாபமும் இல்லை நட்டமும் இல்லை. என் கணிப்பு தவறாக இருக்கக்கூடிய அளவையும் சேர்த்து, 8-க்கு-1க்கு மேல் இருந்தால் வெற்றிக்கு மட்டும் சிறு தொகை கட்டுவேன். ஆனால் ஐந்துக்கு மூன்று வெற்றி என்ற வரி ரேஸ் கார்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருப்பதால், கதவு திறக்கும் நேரத்தில் அது 5-க்கு-2 ஆக இறங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த விலையில் நான் கட்டமாட்டேன். அன்று அது மண்ணில் எப்படிக் கால் வைக்கிறது என்பதை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, தோற்றுவிட்டு நல்ல விலையில் மறுபடி டர்ஃப்வேக்குத் திரும்பும் நாளுக்குக் காத்திருப்பேன்.